தபால்காரரின் பென்ஷனும் தலைவரின் சம்பளமும்: அமெரிக்க அஞ்சல் துறையின் கணக்குக் கதை

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்க அஞ்சல் துறை தன் வரலாற்றில் முதன்முறையாக அரசுக்குக் கட்ட வேண்டிய ஒரு தவணையைக் கட்டாமல் விட்டது. தொகை 550 கோடி டாலர். இரண்டே மாதத்தில், செப்டம்பர் 30ஆம் தேதி, இன்னொரு தவணை. அது 560 கோடி டாலர். அதையும் கட்டவில்லை. அந்த நிதியாண்டின் கணக்கை மூடியபோது வந்த நஷ்டம் 1,590 கோடி டாலர்!

"இமெயில் வந்துவிட்டது, கடிதம் யார் எழுதுகிறார்கள், தபால் துறை மூழ்குகிறது" என்றுதான் பத்திரிகைகள் எழுதின. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த 1,590 கோடியைப் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அதில் 1,110 கோடி, கட்டாமல் விட்ட அந்த இரண்டு தவணைகள்தான். கடிதம் குறைந்ததற்கும் அந்தத் தொகைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஊழியர்கள் ஓய்வு பெற்ற பிறகு அவர்களுக்குத் தர வேண்டிய மருத்துவக் காப்பீட்டுக்காக, முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லி ஒரு சட்டம் போட்ட தொகை அது.

கட்டாத பணம் எப்படி நஷ்டமானது? ஏன் அப்படி ஒரு சட்டம் வந்தது? அதே சட்டம் துறையின் தலைவருக்கு மட்டும் எப்படிச் சம்பள உச்சவரம்பை உயர்த்தியது? இதற்கெல்லாம் பதில் வேண்டுமென்றால் 1970க்குப் போக வேண்டும்.

1970: ஒரு வேலைநிறுத்தம்

அப்போது அஞ்சல் துறை நேரடியாக அரசின் ஓர் அமைச்சகம். போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் என்பவர் அமைச்சரவையில் ஒருவர். தபால்காரர்களின் சம்பளத்தை நிர்ணயிப்பது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். வேலைக்குச் சேரும் தபால்காரருக்கு வருடத்துக்கு 6,176 டாலர். 21 வருடம் உழைத்தால் உச்சமாக 8,442 டாலர். நியூயார்க் மாதிரி ஊரில் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாமல், ஏழைகளுக்கான அரசு உதவியை நாடும் நிலையில் சிலர் இருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான், 1969இல், காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சொந்தச் சம்பளத்தை 30,000 டாலரிலிருந்து 42,500 டாலராக உயர்த்திக் கொண்டார்கள். 41 சதவீத உயர்வு. தபால்காரர்களுக்குப் பேச்சில் இருந்ததோ ஒற்றை இலக்கச் சதவீதம்.

1970 மார்ச் 18ஆம் தேதி நியூயார்க்கில் தபால்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி குற்றம். ஆனாலும் அது நாடு முழுக்கப் பரவி சுமார் 2 லட்சம் பேர் இறங்கிவிட்டார்கள். ஜனாதிபதி நிக்சன் கடிதங்களைப் பிரிக்க ராணுவத்தை நியூயார்க்குக்கு அனுப்பினார். எட்டு நாட்களில் முடிந்த அந்தப் போராட்டம் துறையின் அமைப்பையே மாற்றியது. 1970 ஆகஸ்டில் புதுச் சட்டம் கையெழுத்தானது. 1971 ஜூலை 1 முதல் அஞ்சல் துறை அமைச்சகமாக இல்லாமல், அரசுக்குச் சொந்தமான, தன் வருமானத்தில் தானே நடக்க வேண்டிய தனி அமைப்பாக ஆனது.

அந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஊழியர் சங்கங்கள் நிர்வாகத்தோடு பேரம் பேசிச் சம்பளம் முடிவு செய்யலாம். (வேலைநிறுத்தத்துக்கான தடை மட்டும் நீடித்தது.) இரண்டு, துறையில் யாருக்கும் ஒரு கேபினட் அமைச்சரின் சம்பளத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. இது தலைவருக்கும் சேர்த்துத்தான். கீழே உள்ளவருக்குப் பேரம், மேலே உள்ளவருக்கு வரம்பு என்பதுதான் அன்றைய ஏற்பாடு.

பணம் கொடுக்கும்போது செலவா, வாக்குக் கொடுக்கும்போது செலவா?

கதையைத் தொடரும் முன் கொஞ்சம் கணக்குப் பாடம். சம்பளம் என்பது எளிது. இந்த மாதம் உழைத்தார், இந்த மாதம் கொடுத்தோம், இந்த மாதச் செலவு. பென்ஷனும் ஓய்வுக்காலக் காப்பீடும் அப்படி இல்லை. ஊழியர் இன்றைக்கு உழைக்கிறார், பணம் முப்பது வருடம் கழித்துப் போகிறது. செலவை எந்த வருடத்தில் எழுதுவது?

பல பத்தாண்டுகளாக அமெரிக்கக் கம்பெனிகள் ஓய்வுக்கால மருத்துவச் செலவைப் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் எழுதி வந்தன. 1990 டிசம்பரில் கணக்கியல் தரங்களை வகுக்கும் அமைப்பு இதை மாற்றியது. ஊழியர் உழைக்கும் காலத்திலேயே அந்தக் கடமையைச் செலவாக எழுத வேண்டும் என்று விதி வந்தது. பிளஸ் டூ கணக்குப் பதிவியலில் வரும் "கொடுபட வேண்டிய செலவு" என்பதன் பிரம்மாண்டமான வடிவம் இது என்று வைத்துக் கொள்ளலாம். விளைவு பயங்கரம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1992இல் 2,350 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. அதில் 2,080 கோடி இந்த ஒரு விதி மாற்றத்தால் வந்தது!

ஆனால் ஒன்று. அந்த விதி "கடமையை எழுதிக் காட்டு" என்றுதான் சொன்னது. "பணத்தை இப்போதே எடுத்து ஒரு பெட்டியில் போடு" என்று சொல்லவில்லை. எழுதிக் காட்டுவது வேறு, எடுத்து வைப்பது வேறு. இந்த வித்தியாசம்தான் பின்னால் அஞ்சல் துறையின் கழுத்தைப் பிடித்தது.

2003: அதிகமாகக் கட்டிய பென்ஷன்

அஞ்சல் ஊழியர்களின் பென்ஷன் மத்திய அரசின் பொதுவான பென்ஷன் திட்டத்துக்குள் வருகிறது. அஞ்சல் துறை அதற்குத் தன் பங்கைக் கட்ட வேண்டும். 2002இல் அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகம் கணக்கைச் சரிபார்த்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இதே வேகத்தில் கட்டிக் கொண்டு போனால், தேவைக்கு மேல் சுமார் 7,100 கோடி டாலர் போய்ச் சேரும்!

2003 ஏப்ரலில் ஒரு சட்டம் கொண்டு வந்து தவணையைக் குறைத்தார்கள். நல்ல செய்திதானே என்றால், கூடவே ஒரு கொக்கி. அஞ்சல் ஊழியர்களில் முன்னாள் ராணுவத்தினர் நிறைய உண்டு. அவர்களின் ராணுவப் பணிக்கால பென்ஷன் செலவு, சுமார் 2,700 கோடி டாலர், அரசுக் கருவூலத்திலிருந்து அஞ்சல் துறையின் தலைக்கு மாற்றப்பட்டது. மிச்சமாகும் பணத்தை 2006 முதல் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும், தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? அரசின் பட்ஜெட்டில் அஞ்சல் துறை கட்டும் பணம் ஒரு வரவு. அது குறைந்தால் அரசின் பற்றாக்குறை கூடியதாகக் கணக்குக் காட்டும். எந்தச் சட்டம் வந்தாலும் காங்கிரஸின் வரவு செலவு அலுவலகம் அது பற்றாக்குறையை எவ்வளவு கூட்டும் என்று மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண்ணுக்குப் பயந்துதான் வலது கையால் கொடுத்ததை இடது கையால் வாங்கிக் கொண்டார்கள்.

2006: பத்து வருடத் தவணை

2006 டிசம்பரில் புதிய அஞ்சல் சட்டம் குரல் வாக்கெடுப்பில், பெரிய சண்டை எதுவும் இல்லாமல் நிறைவேறியது. டிசம்பர் 20ஆம் தேதி ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்டார். ராணுவ பென்ஷன் சுமை கருவூலத்துக்கே திரும்பியது. பூட்டி வைத்த பணமும் விடுபட்டது. ஆனால் பற்றாக்குறை கூடக் கூடாதே! அதற்காக ஓய்வு பெறுவோரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு தனி நிதி உருவாக்கப்பட்டது. பென்ஷன் உபரியிலிருந்து 1,710 கோடி டாலர் அதில் போடப்பட்டது. பூட்டி வைத்திருந்த சுமார் 300 கோடியும் அதற்கே போனது. அதோடு 2007 முதல் 2016 வரை வருடா வருடம் 540 கோடியிலிருந்து 580 கோடி வரை கட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே தொகைகளை எழுதிவிட்டார்கள்.

ஊழியர் எண்ணிக்கை குறைந்தாலும், வருமானம் சரிந்தாலும் இந்தத் தொகை மாறாது. மத்திய அரசின் மற்ற சிவில் துறைகளுக்கு இப்படி ஒரு கட்டாயம் இல்லை.

இங்கேதான் கணக்கியல் வேலை செய்தது. அஞ்சல் துறை இந்தத் திட்டங்களைப் பல முதலாளிகள் சேர்ந்து நடத்தும் பொதுத் திட்டம் போலவே தன் ஏட்டில் எழுதுகிறது. அப்படி எழுதினால் மொத்தக் கடமை இருப்புநிலைக் குறிப்பில் வராது. அந்த வருடம் சட்டப்படி எவ்வளவு கட்ட வேண்டுமோ அது மட்டும் செலவாக வரும். ஆகவே சட்டத்தில் எழுதிய 560 கோடி அப்படியே இலாப நட்டக் கணக்கில் செலவாக உட்கார்ந்தது. கட்டினாலும் செலவு, கட்டாவிட்டாலும் செலவு. கட்டாவிட்டால் கூடவே கடனாகவும் நிற்கும்.

2007 முதல் 2016 வரை பத்து வருட நஷ்டங்களைக் கூட்டினால் 6,240 கோடி டாலர். அதில் இந்த முன்நிதிக்காக எழுதிய செலவு மட்டும் 5,480 கோடி. அதாவது நூறு டாலர் நஷ்டத்தில் சுமார் 88 டாலர்!

தலைவரின் சம்பளம்

அதே 2006 சட்டம் இன்னொன்றும் செய்தது. தனியார் கம்பெனிகளோடு போட்டி போட நல்ல நிர்வாகிகள் வேண்டும், அமைச்சர் சம்பளத்துக்கு யார் வருவார்கள் என்ற வாதம் வென்றது. 2008இல் அமைச்சர் நிலைச் சம்பளம் 1,91,300 டாலர். துறையில் போனஸ் திட்டம் அங்கீகரிக்கப்பட்டால், போனஸையும் சேர்த்துத் துணை ஜனாதிபதியின் சம்பளம் வரை (அப்போது 2,21,100) போகலாம். முக்கியப் பதவியில் உள்ள அதிகபட்சம் 12 பேருக்குத் துணை ஜனாதிபதி சம்பளத்தில் 120 சதவீதம் வரை, அதாவது 2,65,320 டாலர் வரை தரலாம்.

சட்டம் கூடவே ஒரு கண்ணாடியையும் வைத்தது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் தாக்கல் செய்வது போன்ற விரிவான ஆண்டறிக்கையை அஞ்சல் துறையும் தர வேண்டும். அதில் உயர் அதிகாரிகளின் ஊதிய அட்டவணையும் அடக்கம். 2008 நிதியாண்டுக்கான அறிக்கை வந்ததும் பத்திரிகைகளுக்குத் தீனி கிடைத்தது. போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஜான் பாட்டரின் அந்த வருட மொத்த ஊதியம் 8 லட்சம் டாலருக்கு மேல்!

2,65,320 டாலர் வரம்பு இருக்கும்போது 8 லட்சம் எப்படி வந்தது? அடிப்படைச் சம்பளம் சுமார் 2 லட்சத்து 63 ஆயிரம். போனஸ் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம். வரம்பு இருப்பதால் இந்த போனஸை அப்போதே கையில் தர முடியாது. பதவியை விட்டுப் போன பிறகு தருவதாகத் தள்ளி வைத்தார்கள். பெரிய தொகை அடுத்ததுதான்... பென்ஷனின் மதிப்பு அந்த ஒரு வருடத்தில் கூடியது, சுமார் 3 லட்சத்து 81 ஆயிரம்.

இந்தக் கடைசித் தொகை யாரும் பாட்டரின் கையில் கொடுத்தது இல்லை. அது ஒரு மதிப்பீடு. அதன் சூத்திரம் எளிது. பழைய பென்ஷன் திட்டத்தில் முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றரை சதவீதம், அடுத்த 5 வருடத்துக்கு ஒன்றே முக்கால், பிறகு ஒவ்வொரு வருடத்துக்கும் 2 சதவீதம். 30 வருடம் முடித்தால் 56.25 சதவீதம். இதை ஊழியர் வாங்கிய உயர்ந்த மூன்று வருடச் சம்பளத்தின் சராசரியால் பெருக்க வேண்டும். பாட்டர் 1978இல் சாதாரண கிளார்க்காகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். முப்பது வருட சர்வீஸ் உள்ள ஒருவரின் சராசரிச் சம்பளம் கடைசிக் காலத்தில் 60,000 டாலர் உயர்ந்தால், பென்ஷன் வருடத்துக்கு 33,750 டாலர் கூடும். அதுவும் ஆயுள் முழுக்க. அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டு வந்தால் லட்சக்கணக்கில் நிற்கும்.

போட்டியாளரான பெரிய தனியார் கூரியர் கம்பெனிகளின் தலைவர்கள் வாங்கியது இதைப் போலப் பல மடங்கு. ஆனாலும் கோபம் எரிந்ததற்குக் காரணம் நேரம். அறிக்கை வெளியான சில வாரங்களில், 2009 ஜனவரி 28ஆம் தேதி, இதே பாட்டர் காங்கிரஸ் முன் வந்து, நஷ்டத்தைச் சமாளிக்க வாரத்தில் ஆறு நாள் தபால் பட்டுவாடாவை ஐந்தாகக் குறைக்க அனுமதி கேட்டார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தலைவரின் எதிர்கால பென்ஷனை இன்றைய மதிப்பில் காட்டியதும் அது "கொழுத்த சம்பளம்" என்ற தலைப்புச் செய்தியானது. லட்சக்கணக்கான ஊழியர்களின் எதிர்காலக் காப்பீட்டை இன்றைய செலவாகக் காட்டியதும் அது "திவாலாகும் தபால் துறை" என்ற தலைப்புச் செய்தியானது. இரண்டிலும் நடந்தது ஒன்றே. நாளைய வாக்குறுதியை இன்றைய தொகையாக மாற்றிய ஒரு கணக்கு. அந்தக் கணக்கின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

விலை கொடுத்தவர்கள்

2009 செப்டம்பர் 30ஆம் தேதி, தவணை நாளன்றுதான், காங்கிரஸ் இரக்கப்பட்டு 540 கோடியை 140 கோடியாகக் குறைத்தது. இல்லாவிட்டால் அந்த வருட நஷ்டம் 380 கோடிக்குப் பதில் 780 கோடியாக இருந்திருக்கும். 2011 தவணையைத் தள்ளிப் போட்டார்கள். அது 2012 தவணையோடு சேர்ந்து வந்து நின்றது. சட்டப்படி அஞ்சல் துறை வாங்கக்கூடிய கடன் அதிகபட்சம் 1,500 கோடி டாலர். 2012இல் அந்த எல்லையையும் தொட்டாகிவிட்டது.

நஷ்டம் ஏட்டில் எழுதியதாக இருந்தாலும் சிக்கனம் நிஜமாகவே நடந்தது. 2011 ஜூலையில் சுமார் 3,700 தபால் நிலையங்களை மூடலாமா என்று பட்டியல் போட்டார்கள். கிராம மக்களின் எதிர்ப்பால் அதைக் கைவிட்டு, 2012இல் சுமார் 13,000 கிராமத் தபால் நிலையங்களின் வேலை நேரத்தைக் குறைக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். கடிதம் பிரிக்கும் நிலையங்கள் பல இணைக்கப்பட்டன. 1999வாக்கில் சுமார் 8 லட்சமாக இருந்த நிரந்தர ஊழியர்கள், 2012இல் சுமார் 5 லட்சத்து 28 ஆயிரமாகக் குறைந்தார்கள். 2013 பிப்ரவரியில் சனிக்கிழமைக் கடிதப் பட்டுவாடாவை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். காங்கிரஸ் விடவில்லை, ஏப்ரலில் பின்வாங்கினார்கள்.

மறுபக்கம்

இணையத்தில் அடிக்கடி ஒரு வாக்கியம் சுற்றும்: "இன்னும் பிறக்காத ஊழியர்களுக்கும் சேர்த்து 75 வருடத்துக்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள்" என்று. சட்டத்தில் அப்படி இல்லை. கடமை கணக்கிடப்பட்டது அப்போதைய ஊழியர்களுக்கும் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும்தான். மிகையான கதை நல்ல வழக்கையும் கெடுத்துவிடும்.

வருமானச் சரிவும் உண்மையே. 2006இல் 21,300 கோடி தபால்கள். 2012இல் சுமார் 16,000 கோடி. கட்டணத்தையோ விலைவாசிக்கு மேல் உயர்த்த முடியாதபடி அதே 2006 சட்டம் கட்டிப் போட்டிருந்தது.

வாக்குறுதியும் உண்மையே. ஓய்வு பெற்ற ஊழியருக்கு வைத்தியச் செலவு வரத்தான் செய்யும். 2010 வரை கட்டிய பணமும் அதன் வட்டியும் வீண் போகவில்லை. 2017 முதல் ஓய்வுபெற்றோரின் காப்பீட்டுக்கு அஞ்சல் துறை தர வேண்டிய பங்கு அந்த நிதியிலிருந்துதான் போனது. எடுத்து வைத்தது தவறு என்று சொல்ல முடியாது. எவ்வளவு, எத்தனை வருடத்தில் என்பதை ஊழியரின் தேவையைப் பார்த்து முடிவு செய்யாமல், பட்ஜெட் மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்ததுதான் தவறு.

பென்ஷன் கணக்கிலும் சண்டை ஓயவில்லை. 1971க்கு முன் சேர்ந்த ஊழியர்களின் பென்ஷனை அரசும் அஞ்சல் துறையும் எப்படிப் பங்கிடுவது? 2010 ஜனவரியில் துறையின் கண்காணிப்புத் தலைவர் அலுவலகம், 7,500 கோடி டாலர் அதிகமாக வசூலிக்கப்பட்டது என்றது. ஒழுங்குமுறை ஆணையம் அமர்த்திய நிபுணர்கள் 5,000 முதல் 5,500 கோடி என்றார்கள். அரசின் தணிக்கை அலுவலகமோ 2011இல், இதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை, இது காங்கிரஸ் எடுத்த கொள்கை முடிவு என்றது. ஒரே ஊழியர்கள், ஒரே பென்ஷன், மூன்று பதில்கள்!

2022: ஒரு கையெழுத்து

2022 ஏப்ரல் 6ஆம் தேதி ஜனாதிபதி பைடன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். முன்நிதிக் கட்டாயம் போயிற்று. அதுவரை கட்டாமல் சேர்ந்திருந்த சுமார் 5,700 கோடி டாலர் பாக்கியும் ரத்தானது. இனி ஓய்வு பெறுவோர் பெரும்பாலும் அரசின் மூத்தோர் மருத்துவத் திட்டமான மெடிகேரில் சேர வேண்டும் என்றும், அஞ்சல் ஊழியர்களுக்கெனத் தனிக் காப்பீட்டுத் திட்டம் 2025 ஜனவரி முதல் நடக்கும் என்றும் முடிவானது. கீழவையில் 342க்கு 92, மேலவையில் 79க்கு 19. இரண்டு கட்சியினரும் சேர்ந்தே போட்ட ஓட்டு.

அந்த நிதியாண்டில் அஞ்சல் துறை காட்டிய இலாபம் 5,600 கோடி டாலர்! அதற்காக ஒரு கடிதம்கூட அதிகமாகப் போகவில்லை. பாக்கியை அடித்ததும், செலவாக எழுதியது வரவாகத் திரும்பியது, அவ்வளவுதான். அடுத்த வருடம், 2023இல், மறுபடி 650 கோடி நஷ்டம். 2024இல் 950 கோடி. முன்நிதிச் சுமை போன பிறகும் நோய் முழுசாகக் குணமாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் இடைப்பட்ட பதினைந்து வருடத்தில் நேரம் குறைந்த கிராமத் தபால் நிலையமும், இடம் மாறிய ஊழியரும், ஆள் எடுக்காமல் காலியான இடங்களும் 2022இன் கையெழுத்தால் திரும்பி வரவில்லை. ஏட்டில் எழுதியதை ஏட்டில் அழித்துவிடலாம். அதைக் காட்டி வெட்டியதை ஒட்ட வைக்க முடியாது.

அதனால் எந்த அரசு அமைப்பாவது "இத்தனை கோடி நஷ்டம், ஊழியர் சலுகைதான் காரணம்" என்று செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம். அந்தத் தொகையில் உண்மையில் வெளியே போன பணம் எவ்வளவு, எழுதி வைத்தது எவ்வளவு? எழுதச் சொன்னது யார், எந்தக் காரணத்துக்காக? அதே ஏட்டில் மேலே உட்கார்ந்திருப்பவரின் பக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? இந்த மூன்றையும் 2012இலேயே உரக்கக் கேட்டிருந்தால், அதற்கான விடை பத்து வருடம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.